‘ஓப்பன்’ பெட்டியின் இடது ஓரம்

நெய்வேலி நகரியத்துக் கடைத்தெருவிலோ மந்தாரக்குப்பத்திலோ உள்ள ஒரு ப்ரவுசிங் சென்டருக்கு என்னென்ன வேலையாக ஆட்கள் வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என்எல்சி தொழில் பழகுநர் பயிற்சிக்கு அறிவிப்பு வெளியானால் ஐடிஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள் வருவார்கள். கேட் தேர்வு எழுதியவர்கள் அந்த மதிப்பெண்ணைக் கொண்டு அதே நிறுவனத்தின் பட்டதாரிப் பயிற்சியாளர் பணிக்கு விண்ணப்பிக்க வருவார்கள். வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி, கல்லூரிச் சேர்க்கை, வருமானச் சான்று என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். சுரங்க விரிவாக்கத்துக்காக நிலம் எடுக்கப்படும் வளையமாதேவி, கரிவெட்டி, கத்தாழை பக்கத்துக் குடும்பங்கள் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்று கட்டுக் காகிதங்களை ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும். வேலை எதுவானாலும் கடைசியில் எல்லோரும் ஒரு பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். இணையதளத்தில் ‘சூஸ் ஃபைல்’ என்ற பொத்தானை அழுத்தியதும் திறக்கிறதே, அந்த ‘ஓப்பன்’ பெட்டி. அதன் இடது ஓரத்தில் சில ஃபோல்டர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையை வேலை செய்கிறவரே தன் கையால் அமைக்க வேண்டும், கணினி தானாக ஊகித்து அடுக்குவதை அப்படியே விட்டுவிடக் கூடாது, பலர் வந்து உட்காரும் கணினியில் இது கட்டாயம் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

இது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். வங்கிப் பணிகளுக்கு ஐபிபிஎஸ் நடத்தும் தேர்வின் விண்ணப்பத்தைப் பாருங்கள். புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி, இடது கைப் பெருவிரல் ரேகை 20 முதல் 50 கேபி, கைப்பட எழுதிய உறுதிமொழி 50 முதல் 100 கேபி என்று நான்கு படங்களைத் தனித்தனியாக ஏற்ற வேண்டும். ஏற்றும்போது இணையதளம் பெரும்பாலும் இரண்டைத்தான் சரிபார்க்கிறது. ஒன்று கோப்பின் வகை, மற்றது அதன் அளவு. புகைப்படத்துக்கும் விரல் ரேகைக்கும் ஒரே அளவு வரம்பு என்பதால், ஒன்றின் இடத்தில் மற்றதை ஏற்றிவிட்டால் அந்தச் சரிபார்ப்பில் அது சிக்காது. இன்னும் மோசமானது, பக்கத்து இருக்கைக்காரரின் கையெழுத்தை இவருடைய விண்ணப்பத்தில் ஏற்றிவிடுவது. அளவு சரி, வகை சரி, ஆள்தான் வேறு. புகைப்படமும் கையெழுத்தும் அதனதன் இடத்தில் இல்லாவிட்டால் தேர்வு எழுத அனுமதி இல்லை என்று அறிவிப்பிலேயே எச்சரித்திருப்பார்கள். தேர்வுக் கட்டணமும் ஓர் ஆண்டுக் காத்திருப்பும் அந்த ஒரு கிளிக்கில் தொங்குகின்றன. தப்பு நடக்கும் இடம் அந்தப் பெட்டிதான். அதைத் தடுக்க வேண்டிய இடமும் அதுதான்.

ஏன் நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். வாடிக்கையாளர் தன் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கடைக்காரர் வாட்ஸ்அப் வெப்பில் இறக்குகிறார். எல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் போய் விழுகின்றன. ஒவ்வொன்றின் பெயரும் ‘வாட்ஸ்அப் இமேஜ்’ என்றே தொடங்கி, பிறகு தேதி, அதன் பிறகு நேரம் என்று நீளும். ‘ஓப்பன்’ பெட்டியின் சிறிய அகலத்தில் பெயரின் தலைப்பகுதிதான் தெரியும். வித்தியாசம் இருப்பதோ வாலில். ஆகவே பத்துக் கோப்புகள் ஒரே பெயரில் நிற்பது போல இருக்கும். ஸ்கேனரிலிருந்து வருபவை வேறு இடத்துக்குப் போகும். விண்டோஸின் ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன் நிரல் டாக்குமென்ட்ஸுக்குள் தனக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறது. சில ஸ்கேனர்களோடு வரும் நிரல்கள் பிக்சர்ஸில் கொண்டுபோய் வைக்கும். அளவைச் சுருக்கித் தரும் இணையதளங்களிலிருந்து இறங்குவது மறுபடியும் டவுன்லோட்ஸ். ஒரே ஆளின் நான்கு படங்கள் மூன்று இடங்களில் கிடக்கின்றன, அந்த மூன்று இடங்களிலும் வேறு ஆட்களின் படங்களும் கிடக்கின்றன. வரிசையில் அடுத்தவர் நிற்கிறார், இன்று கடைசி நாள், சர்வர் மெதுவாக இருக்கிறது. இந்த நிலையில் கவனமாக இருங்கள் என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை. கவனம் சிதறினாலும் தப்பு நடக்காதபடி இடத்தை ஒழுங்கு செய்வதுதான் வழி.

அந்த இடது ஓரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. விண்டோஸ் 95, 98 காலத்துப் பெட்டியில் அது கிடையாது. மேலே இருக்கும் ஒரு பட்டியலை இறக்கி, டிரைவ், அதற்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர் என்று ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். ஆபீஸ் 2000 நிரல்களிலும் அதையடுத்து விண்டோஸ் 2000, எம்இ பதிப்புகளிலும்தான் இடது பக்கப் பட்டை வந்தது. 2001-இல் வந்த எக்ஸ்பியில் அதில் ஐந்து இடங்கள் இருந்தன. அண்மையில் திறந்த ஆவணங்கள், டெஸ்க்டாப், மை டாக்குமென்ட்ஸ், மை கம்ப்யூட்டர், நெட்வொர்க். இந்த ஐந்தையும் தேர்ந்தது மைக்ரோசாஃப்ட். மாற்ற வேண்டுமென்றால் ட்வீக்யூஐ என்ற தனி நிரலை நிறுவ வேண்டும், அல்லது ரெஜிஸ்ட்ரியில் கைவைக்க வேண்டும். விஸ்டாவில் ஃபோல்டரை இழுத்துப் போட்டுச் சேர்க்கும் வசதி வந்தது. 2009-இல் விண்டோஸ் 7-இல் ‘ஃபேவரிட்ஸ்’ என்ற பெயரில் அது இன்னும் எளிதானது. தொடக்கத்திலேயே இருந்த சிலவற்றைத் தவிர, நாம் இழுத்துப் போட்டது மட்டும் அங்கே நின்றது. என் பார்வையில் மிகச் சரியான ஏற்பாடு அதுதான். 2015-இல் விண்டோஸ் 10 ‘க்விக் ஆக்சஸ்’ என்று பெயரை மாற்றியதோடு நிற்காமல், அடிக்கடி திறக்கும் ஃபோல்டர்களைத் தானே கவனித்து அந்த வரிசையில் சேர்க்கவும் தொடங்கியது. நாம் ‘பின்’ செய்து, அதாவது குத்தி நிறுத்தி, வைத்தவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊசிக் குறி தெரியும். கணினி தானாகச் சேர்த்தவற்றுக்கு அது இருக்காது. அந்தச் சின்னஞ்சிறு குறி ஒன்றுதான் நம் முடிவுக்கும் கணினியின் ஊகத்துக்கும் உள்ள எல்லை. அதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்?

வீட்டில் ஒருவரே பயன்படுத்தும் கணினியில் இந்த ஊகம் ஓரளவு உதவத்தான் செய்கிறது. நேற்றுத் திறந்த ஃபோல்டரை இன்றும் திறக்கிற வாய்ப்பு அதிகம். ஆனால் ப்ரவுசிங் சென்டரில் நேற்று வந்தவர் வேறு, இன்று வந்தவர் வேறு. நேற்றைய பழக்கத்தை வைத்து இன்றைய ஆளின் தேவையை ஊகிப்பது அடிப்படையிலேயே பிசகு. போன வாரம் ஒருவருக்காக அவர் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் போட்டு நான்கைந்து முறை திறந்திருப்பார்கள். அது ‘அடிக்கடி’ என்ற கணக்கில் ஏறி இடது ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அடுத்து வருகிற ஆளுக்கு ‘சூஸ் ஃபைல்’ அழுத்தினால் முந்தையவரின் பெயர் பளிச்சென்று திரையில் தெரியும். அதைத் தொட்டால் அவருடைய ஆதார், பான், மதிப்பெண் பட்டியல், சில சமயம் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் வரை விரியும். போதாக்குறைக்கு, அந்தந்த நிரலில் கடைசியாகத் திறந்த ஃபோல்டரையே அடுத்த முறையும் விரித்துக் காட்டும் பழக்கம் இந்தப் பெட்டிக்கு உண்டு. நம் தனிப்பட்ட தரவைக் காக்க 2023-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. ஆனால் நெய்வேலியில் ஒரு பெண்ணின் முகவரியும் பிறந்த தேதியும் முன்பின் தெரியாத ஒருவர் கண்ணில் படுவதற்கு எந்த ஹேக்கரும் தேவையில்லை, ஊசிக் குறி இல்லாத ஒரு ஃபோல்டர் பெயர் போதும். ஆகவே பலர் பயன்படுத்தும் கணினியில் முதல் வேலை, அந்த ஊகத்தை நிறுத்துவது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஆப்ஷன்ஸ் திறந்து, ஜெனரல் பக்கத்தின் அடியில் பிரைவசி என்ற பகுதிக்குப் போங்கள். அண்மைக் கோப்புகளைக் காட்டு, அடிக்கடி திறக்கும் ஃபோல்டர்களைக் காட்டு என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டிலும் டிக்கை எடுத்துவிட்டு, பக்கத்தில் உள்ள கிளியர் பொத்தானை அழுத்தினால் ஊகம் நின்றுவிடும்.

இரண்டாவது வேலை, நமக்கு வேண்டியதை வைப்பது. இங்கேதான் நெய்வேலிக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லாத ஓர் ஏற்பாடு கைகொடுக்கும். நகரியத்தில் வட்டத்துக்கு எண், தெருவுக்குப் பெயர், வீட்டுக்கு எண். குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர் ஓய்வு பெற்றால் காலி செய்துவிட்டுப் போவார், அடுத்தவர் வருவார். வீட்டின் எண் மட்டும் மாறாது. ஃபோல்டரையும் அப்படி வையுங்கள். ஆளின் பெயரில் ஃபோல்டர் போட்டு அதைப் பின் செய்யாதீர்கள், வேலையின் கட்டத்துக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள். டி டிரைவில் நான்கு போதும். முதலாவது, இப்போது முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கோப்புகளுக்கு; வாட்ஸ்அப்பிலிருந்து இறங்குவதும் ஸ்கேனரிலிருந்து வருவதும் அளவு சுருக்கியதும் எல்லாம் இங்கேதான் வர வேண்டும் என்று ப்ரவுசரிலும் ஸ்கேனர் நிரலிலும் சேமிக்கும் இடத்தை மாற்றிவிடுங்கள். இரண்டாவது, காலியான படிவங்கள். மூன்றாவது, விண்ணப்பித்து முடித்த ரசீதுகள். நான்காவது, மீண்டும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்களுடையது. அதைப் பின் செய்யவே வேண்டாம், தேடிப் போய்த் திறந்தால் போதும். முதல் மூன்றை மட்டும் வலது கிளிக் செய்து ‘பின் டு க்விக் ஆக்சஸ்’ கொடுங்கள். ‘ஓப்பன்’ பெட்டிக்குள் இருந்தபடியே கூட இதைச் செய்யலாம். பிறகு இழுத்து வரிசைப்படுத்தி முதலாவதை உச்சியில் நிறுத்துங்கள். ஏற்கெனவே அங்கிருக்கும் டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றை ‘அன்பின்’ செய்து அகற்றுங்கள். அன்பின் என்றால் அழிப்பதல்ல, ஃபோல்டர் இருந்த இடத்திலேயே இருக்கும், வழிகாட்டும் பெயர்தான் போகும். ஃபோல்டரே அழிந்துவிடுமோ என்ற பயத்தினாலேயே பலர் அந்தப் பட்டியலைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். ஆனால் அதே மெனுவில் ‘டெலீட்’ என்ற சொல் தென்பட்டால் அது நிஜமாகவே அழிக்கும், அதை மட்டும் பார்த்துச் செய்யுங்கள்.

வாடிக்கையாளர் எழுந்து போனதும் முதல் ஃபோல்டர் காலியாக வேண்டும். முழு ஏற்பாடும் இந்த ஒரு பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. காலியாக இருந்தால், அடுத்தவருக்கு ‘ஓப்பன்’ பெட்டி திறக்கும்போது அதில் அவருடைய கோப்புகள் மட்டும்தான் இருக்கும். வேறு ஆளின் கையெழுத்து ஏறுவதற்கு வழியே இல்லை. ஒரே ஆளின் புகைப்படமும் ரேகையும் இடம் மாறுவதை இது மட்டும் தடுத்துவிடாது. அதற்குப் பெட்டியின் மேல் பகுதியில் ‘லார்ஜ் ஐகான்ஸ்’ காட்சியைத் தேர்ந்துகொண்டால், நான்கே படங்கள் இருக்கும் ஃபோல்டரில் முகம் எது ரேகை எது என்று பார்த்ததுமே தெரியும். ஐம்பது படங்கள் கிடக்கும் டவுன்லோட்ஸில் அதே காட்சி குழப்பத்தைத்தான் கூட்டும்.

பெயர் வைப்பதில் தமிழர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஃபோல்டருக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், விண்டோஸ் நன்றாகக் காட்டும், நானும் அதைத்தான் விரும்புவேன். ஆனால் யூனிகோடுக்கு முந்தைய முறையில் எழுதப்பட்ட பழைய நிரல்கள் தமிழ்ப் பெயரைக் கேள்விக்குறிகளாகக் காட்டும், சில திறக்கவே மறுக்கும். காரணம், விண்டோஸில் தமிழுக்கென்று பழைய பாணிக் குறியீட்டுப் பக்கம் இருந்ததே இல்லை. தமிழ் அங்கே நுழைந்ததே யூனிகோடு வழியாகத்தான். டிடிபி வேலையும் சேர்த்துச் செய்யும் கடைகளில் அப்படிப்பட்ட பழைய நிரல்கள் இன்னும் ஓடுகின்றன. அவர்கள் ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பதே இப்போதைக்குப் பாதுகாப்பு.

பழைய நிரல்கள் பலவற்றில் திறப்பது அந்த எக்ஸ்பி காலத்துப் பெட்டிதான், புது விண்டோஸில் கூட. க்விக் ஆக்சஸில் நீங்கள் பின் செய்தது அதன் ஓரத்தில் நேரடியாக வந்து நிற்காது. அதற்கு ரெஜிஸ்ட்ரிதான் வழி. கரண்ட் யூசர் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், பாலிசீஸ் என்று இறங்கி, அதற்குள் காம்டிஎல்ஜி32 என்றும் அதற்குள் பிளேசஸ்பார் என்றும் இரண்டு கீகளை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி உருவாக்க வேண்டும். அதில் பிளேஸ்0 முதல் பிளேஸ்4 வரை ஐந்து மதிப்புகள். சொந்த ஃபோல்டர் என்றால் ஸ்ட்ரிங் மதிப்பாக அதன் முழு முகவரி. விண்டோஸின் சொந்த இடம் என்றால் டிவேர்ட் மதிப்பாக அதற்குரிய எண். டெஸ்க்டாப்புக்கு 0, மை டாக்குமென்ட்ஸுக்கு 5. ஐந்துக்கு மேல் முடியாது. இந்த வரம்பைக் குறை என்று பலர் சொல்வார்கள். நான் நல்லது என்பேன். ஐந்துக்கு மேல் போனால் படிக்க வேண்டியிருக்கும், ஐந்துக்குள் இருந்தால் கை தானாகப் போகும். ரெஜிஸ்ட்ரியைத் தொடுமுன் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்வது அவசியம். பெரிய நிறுவனங்களில் இதே வேலையைக் குரூப் பாலிசி மூலம் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து செய்ய முடியும். சுரங்க அளவை, கட்டட வரைபடம் போன்ற வேலைகளில் ஆட்டோகேட் பயன்படுத்துவோருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் பெட்டியில் தனக்கென்று ஒரு பிளேசஸ் பட்டியல் இருக்கிறது, டூல்ஸ் மெனுவிலேயே இப்போதுள்ள ஃபோல்டரைச் சேர்த்துவிடலாம்.

லினக்ஸில் இந்த விஷயம் இன்னும் அழகாகக் கையாளப்பட்டிருக்கிறது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அது போன்ற, ஜினோம் என்ற திரைச் சூழல் கொண்ட கணினிகளில் பெட்டியின் இடது ஓரத்தில் நாம் சேர்க்கும் ஃபோல்டர்கள் எல்லாம் புக்மார்க்ஸ் என்ற ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கின்றன. ஒரு வரிக்கு ஒரு ஃபோல்டர் முகவரி, ஓர் இடைவெளி விட்டு நாம் விரும்பும் பெயர். முகவரி ஆங்கில எழுத்தில் இருக்கலாம், காட்டும் பெயர் தமிழில் இருக்கலாம். நான் மேலே சொன்ன சிக்கலுக்கு இதைவிடச் சுத்தமான தீர்வு கிடையாது. அந்தக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனால், ஃபோல்டர் அமைப்பு ஒன்றாக உள்ள பள்ளியின் கணினி அறை முழுவதையும் ஒரே மாதிரி அமைத்துவிடலாம். விண்டோஸ் தன் பின்களை ஆட்டோமேட்டிக் டெஸ்டினேஷன்ஸ் என்ற மறைவான ஃபோல்டரில், மனிதர் படிக்க முடியாத வடிவத்தில் வைத்திருக்கிறது. குப்பை நீக்கும் நிரல்கள் சில அதையும் குப்பை என்று துடைத்துவிடும், நாம் வைத்த பின்கள் அதோடு போய்விடும். அத்தகைய நிரலை ஓட்டுபவர்கள், அண்மைக் கோப்புகள் சார்ந்த கட்டத்தில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். தேடல் வசதி இருக்கும்போது ஃபோல்டர் எதற்கு என்பது ஒன்று. தேட வேண்டுமானால் பெயர் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் ‘வாட்ஸ்அப் இமேஜ்’ என்று தொடங்கும்போது எதைத் தட்டித் தேடுவது? தேடல் வேறு ஆளின் கோப்பையும் சேர்த்தே கொண்டுவரும், பலர் பயன்படுத்தும் கணினியில் அது ஆபத்தைக் கூட்டுகிறது. எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் போட்டுவைத்தால் ஒரே கிளிக்கில் கிடைக்குமே என்பது இன்னொன்று. முதல் வாரம் கிடைக்கும். பிறகு டெஸ்க்டாப்பே இன்னொரு டவுன்லோட்ஸ் ஆகிவிடும், அதுவும் கடைக்குள் நுழைகிற எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில். பென் டிரைவில் உள்ள ஃபோல்டரையும் பின் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்றே சொல்வேன். செருகும் நேரத்தைப் பொறுத்து டிரைவ் எழுத்து மாறினால் பின் செல்லாது. வலையமைப்பில் இன்னொரு கணினியில் உள்ள ஃபோல்டரைப் பின் செய்தால், அந்தக் கணினி அணைந்திருக்கும் நேரத்தில் ‘ஓப்பன்’ பெட்டி அதைத் தேடிக்கொண்டே உறைந்து நிற்கக்கூடும்.

கனமான மறுப்பு ஒன்று உண்டு. கடையில் ஒழுங்கு வைப்பது கடைக்காரர், அதற்கான நேரமும் அவருடையது. விண்ணப்பம் தவறினால் நஷ்டமோ வாடிக்கையாளருக்கு. தனக்கு லாபம் இல்லாத வேலையை அவர் ஏன் செய்ய வேண்டும்? இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏற்பாட்டைச் செய்து முடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது, அதன் பிறகு ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தேடும் நேரம் குறையும். கடைசித் தேதியன்று வரிசை வேகமாக நகர்ந்தால் அது அவருக்கு வருமானம். அதோடு, வாடிக்கையாளரும் கேட்கலாம். “அண்ணா, என் ஃபைல் எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டீங்களா? ரீசைக்கிள் பின்லயும் இல்லையே?” என்று எழுந்திருக்கும் முன் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நாலு பேர் கேட்கத் தொடங்கினால் கடைக்கு அது பழக்கமாகிவிடும்.

எல்லோரும் கைபேசிக்குப் போய்விட்டார்கள், டிஜிலாக்கர் இருக்கிறது, இந்தப் பெட்டிக்கே இன்னும் சில ஆண்டுதான் ஆயுள் என்பவர்களும் உண்டு. 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரிலிருந்து சான்றிதழை நேரடியாக எடுத்துக்கொள்ளும் இணையதளங்கள் பெருகுவது மிக நல்லது. ஆனால் கையெழுத்தும் விரல் ரேகையும் கைப்பட எழுதிய உறுதிமொழியும் டிஜிலாக்கரில் கிடைப்பவை அல்ல, அவை ஒவ்வொரு தேர்வுக்கும் கேட்கும் அளவில் புதிதாகத் தயாராக வேண்டியவை. கைபேசியிலோ நிலைமை இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டின் கோப்புத் தேர்வுத் திரையில் இடது பக்கத்தை இழுத்தால் அண்மையவை, படங்கள், டவுன்லோட்ஸ், பிறகு சில செயலிகளின் பெயர்கள் வரும். அந்த வரிசையில் நம் ஃபோல்டர் ஒன்றை நாமே நிரந்தரமாக வைப்பதற்கு ஆண்ட்ராய்டு வழி தரவில்லை. கணினியில் விண்டோஸ் 7 கொடுத்த உரிமை, எல்லோர் கையிலும் உள்ள கருவியில் இன்றும் வந்து சேரவில்லை. கூகுளுக்கு ஆண்ட்ராய்டு பற்றிக் கருத்து அனுப்பும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அது வரும்வரை, விண்ணப்பத்தைக் கைபேசியில் முடிக்கும் பிள்ளைகள் தங்கள் நான்கு படங்களுக்கும் புகைப்படம், கையெழுத்து, ரேகை, உறுதிமொழி என்று தெளிவாகப் பெயர் மாற்றி வைத்துக்கொண்டு, அதன் பிறகு இணையதளத்தைத் திறக்கட்டும்.